மீரான் மைதீன் ரேடியேட்டர் வென்ற படலம்

வாழ்க! கிழக்கே மேகமலை மதிலாகவும் மேற்கே ஏலமலை அரணாகவும் ஓங்கி நிற்க, நடுவே முல்லைப் பெரியாறு மடைதோறும் நுரைத்துப் பாயும் கம்பம் பெருநாட்டில், சுருளிப்பட்டிச் சாலையோரம் பன்னீர்த் திராட்சைப் பந்தல் படரவிட்டவரும், குருவிக் குலத்தின் கொடும்பகைவரும், மெக்கானிக் பட்டறை வாசலை மிதிப்பதில்லை என்று விரதம் பூண்டவரும், இரவல் வாங்கிய ஸ்பேனரை இன்றளவும் திருப்பித் தராத பெருந்தகையுமாகிய மீரான் மைதீன் வாழ்க! கிரீஸ் படிந்த அவர் நகங்கள் வாழ்க! நட்டுக் கழற்றி, போல்ட்டுப் பூட்டி, எல்லாம் பூட்டியபின் தரையில் ஒற்றை வாஷர் மிச்சம் கிடப்பதைக் கண்டும் கலங்காத அவர் நெஞ்சம் வாழ்க! அப்படிப்பட்டவர் தம் வண்டியோடு பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

சொல்லுமுன் வணங்க வேண்டியவற்றை வணங்கிவிடுவோம். பத்துக்குப் பதினொன்று ஸ்பேனரே, நட்டின் முனைகளைத் தேய்த்து உருண்டையாக்கும் பேராற்றல் உடையோய், துணை நிற்பாய். வைத்த இடத்தில் என்றுமே இராத ஸ்க்ரூ டிரைவரே, தேடும் வேளையில் ஒருமுறையேனும் காட்சி தருவாய். ஏறிய பின் இறங்க மறுக்கும் ஜாக்கியே, உன்னை நம்பி ஒரு மனிதர் அடியில் படுத்திருக்கிறார், மறவாதே. இன்சுலேஷன் டேப்பே, கட்டுக்கம்பியே, பழைய லுங்கித் துணியே, உங்களால் சரிசெய்ய முடியாத பழுது இவ்வுலகில் இல்லை என்று நம்புகிறவர் எங்கள் தலைவர். அந்த நம்பிக்கையை முழுசாகக் கெடுத்துவிடாதீர்கள்.

இனி ஊர்தியின் பெருமை. வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மேனேஜரைச் சுமந்து, அலுத்து, பல கை மாறி மலையிறங்கி வந்த வெள்ளை நிறப் பெரிய வண்டி அது. நாயகர் கைபடாத உறுப்பு அதில் ஒன்றில்லை. பின்பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. உள்ளே தொங்கும் கட்டுக்கம்பியை எட்டி இழுத்தால் திறக்கும். வைப்பர் இரண்டில் ஒன்று மட்டும் ஆடும், அதுவும் ஓட்டுகிறவர் பக்கத்தது அன்று. ஹாரனை அமுக்கினால் உள்விளக்கு எரியும். கூடவே ஹாரனும் அடிக்கும் என்பதால் அதைப் பழுது என்று அவர் ஒத்துக்கொண்டதில்லை.

அதன் முகப்பழகைத் தனியே சொல்ல வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னே, கிரில்லின் மேல், ஏலத்தோட்ட நாற்றுகளுக்குப் போடும் பச்சை நிழல்வலையை நான்காக மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார். ஆடிக்காற்றில் மண்ணும் பூச்சியும் ரேடியேட்டரில் போய் அப்பாமல் இருக்க அவரே செய்த ஏற்பாடு. திராட்சைக்காரருக்கு வலைமேல் உள்ள பற்று அப்படி. பந்தலுக்கு வலை, தண்ணீர்த் தொட்டிக்கு வலை, கோழிக்கூண்டுக்கு வலை, மாடி ஜன்னலுக்கு வலை. காக்க வேண்டிய எதற்கும் ஒரு வலையைப் போட்டுவிட்டால்தான் அவருக்கு உறக்கம் பிடிக்கும். உள்ளே இருப்பது மூச்சுவிடுமா என்று அவர் யோசித்ததும் இல்லை. பச்சை வலையைக் கண்டு ஏன் என்று கேட்கிற வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கிலும் இல்லை.

இந்த ஊர்திக்கு ஒரே ஒரு பகைவன் உண்டு. சமநிலத்தில் அவன் தலைகாட்ட மாட்டான். கூடலூர் கடந்து, லோயர் கேம்ப் கடந்து, மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் பட்டதும், குமுளி மலைப்பாதையின் வளைவுகளில் ஒளிந்திருந்து பாய்வான். வெப்பம் என்பது அவன் திருநாமம். அவன் வரவை அறிவிப்பது டெம்பரேச்சர் முள். அது நடுவிலிருந்து சிவப்புக் கோட்டை நோக்கி ஏற ஏற, மீரான் மைதீன் உயிரும் கூடவே தொண்டைக்கு ஏறும்.

அவன் இழைத்த தீங்குகளில் பெருந்தீங்கு ஒன்று உண்டு. சென்ற ஆண்டு, ஒரே மகள் சாதியாவுக்கு நிக்காஹ் முடிந்து, குமுளியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விடுவதற்காக, மல்லிகைச் சரம் சுற்றிப் புறப்பட்ட இவ்வூர்தி பாதி மலையில் ஆவி கக்கி நின்றுவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, உள்ளே இருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுக்க, கல்யாணப் பட்டோடு சாதியா அதில் ஏறிப் போனாள். ஏறும்போது, "பரவால்லத்தா, ஜீப்பு நல்லாத்தான் இருக்கு" என்று தகப்பனிடம் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதன்பின் பஸ்ஸில் போகும்போதும் அந்த வளைவு வந்தால் மீரான் மைதீன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இப்போது சாதியாவுக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டுக்கு அழைத்துவர ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அந்த வாரத் தொடக்கத்தில்தான், கூடலூரில் மிளகு வியாபாரம் செய்பவரும், நம் நாயகரின் மனைவி அம்சத் பீவியாருக்கு உடன்பிறந்த தம்பியுமாகிய ராஜா முகம்மது, சத்தமே இல்லாத புதுக் காரில் வந்து இறங்கினார். வந்தவர் டீயைக் குடித்தோமா போனோமா என்றில்லாமல், வாசலில் நின்ற வெள்ளை வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான், சாதியாவக் கூட்டியார நான் வண்டி எடுத்துட்டு வாரேன். ஏசி இருக்கு, புள்ள சொகமா வந்துரும். ஒங்க வண்டிய இரும்புக்குப் போட்டுருங்க."

அம்சத் பீவியாரும் தம்பி பக்கமே நின்றார். "ஆமாங்க, ராஜா வண்டியிலயே போயிட்டு வந்துருவோம். நெறமாசம் ஆகப்போற புள்ளைய நடுரோட்டுல நிப்பாட்டவா?"

அப்போது, மேகமலைச் சிகரங்கள் நடுங்க, முல்லைப் பெரியாறு ஒரு கணம் ஓட்டம் நிறுத்திச் செவிசாய்க்க, மரக்கிளைக் காக்கைகள் வாய்மூடி நிற்க, மாவீரர் மீரான் மைதீன் டீத்தம்ளரைத் தரையில் வைத்து எழுந்து உரைத்தருளிய வஞ்சினம் இதுவாகும்:

"எம்புள்ளைய நாந்தான் கூட்டியாருவேன். என் வண்டியிலதான் வருவா. அதுல மாத்தமில்ல."

டீ ஆறிப்போனதைத் தவிர அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் போர் தொடங்கிவிட்டது.

போர்க்கலை பயில அவருக்கு ஓர் ஆசான் வாய்த்திருந்தார். கைபேசித் திரையில் தோன்றி, எந்த இயந்திரத்தின் வயிற்றையும் சிரித்தபடி கிழித்துக்காட்டும் மலையாள மெக்கானிக் ஒருவர். கேரள எல்லைக்கு இவ்வளவு கிட்டத்தில் வாழ்கிறவருக்கு அவர் பேச்சு முக்காலே மூணுவீசம் விளங்கும். விளங்காத மிச்சத்தில்தான் வழக்கமாக அந்த வாஷர் மிஞ்சும். ஒவ்வொரு பாடத்தையும் "ஒந்நும் பேடிக்கண்டா" என்று அபயம் கொடுத்தே ஆசான் முடிப்பார். பயப்படாதே என்ற அந்தத் திருவாக்கை நெஞ்சில் ஏந்தி, ஓட்டையான பனியனே கவசமாக, கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, நாயகர் பானெட்டைத் திறந்தார்.

முதற்போர் ரேடியேட்டர் மூடியோடு நிகழ்ந்தது. சுற்றுச்சாலையில் வண்டியை விரட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து, எஞ்சின் ஆறட்டும் என்று பொறுக்காமல், ஆசான் மும்முறை எச்சரித்த அந்தப் பாடத்தில் அந்த எச்சரிக்கை மட்டும் விளங்காமல், ஈரத் துணியை மூடிமேல் போட்டுத் திருகினார். அவ்வளவுதான். உள்ளே அடைபட்டுக் கிடந்த கொதிநீர், சீறி, மூடியைப் பறித்து வானில் எறிந்து, வெள்ளை ஆவித்தூணாய் எழுந்து, பக்கத்து முருங்கையின் பூவையெல்லாம் உதிர்த்துப் பொழிந்தது. நாயகர் பின்வாங்கினார். பின்வாங்கினார் என்று கண்ணியமாகச் சொல்கிறோம். கோழிக்கூண்டு வரை ஓடினார். வலக்கை முழுதும் சோற்றுக் கற்றாழை தடவிக்கொண்டு, புது மூடி வாங்கி வந்து மாட்டினார்.

அடுத்த நாள் தெர்மோஸ்டாட் வால்வு மாற்றம். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீருக்குக் கதவு திறந்துவிடும் அந்தச் சின்ன வாயிற்காவலன்தான் துரோகி என்று தீர்ப்பாயிற்று. அவனைக் காக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று பணிவோடு கழன்றது. மற்றது துருவேறி, வேரோடி, வண்டி பிறந்த நாள் முதல் அங்கேயே குடியிருக்கும் உரிமையோடு அசையாமல் நின்றது. எண்ணெய் ஊற்றினார். சுத்தியலால் தட்டினார். அதன் வம்சத்தையே பெயர்சொல்லி ஏசினார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகள் பானெட்டில் மோதித் தோலுரிந்தன. பகலெல்லாம் போராடி அந்திசாய அது 'கிரீச்' என்று ஓலமிட்டுச் சுழன்றபோது, அண்டை வீட்டுச் சினேகா டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு நாயகர் ஆர்ப்பரித்தார். மூன்றாம் நாள் ஃபேன் பெல்ட் போயிற்று, புதிது வந்தது. நான்காம் நாள் ஹோஸ்கள் போயின, புதியவை வந்தன. பழையவற்றைத் தோற்ற அரசரின் முடிகளைப் போலச் சுற்றுச்சுவர்மேல் வரிசையாகப் பரப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, வெள்ளோட்டம். கம்பத்தில் முள் அசையவில்லை. கூடலூரில் அசையவில்லை. லோயர் கேம்ப் தாண்டி முதல் ஏற்றம் தொடங்கியதும், ஒரு பெருமூச்சு விட்டாற்போல் அசைந்து, பிறகு விறுவிறுவென்று ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட் இடுக்கெல்லாம் ஆவி வழிந்தது.

சாலையோரக் கல்லில் நாயகர் உட்கார்ந்தார். இனி எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து, அவரிடம் தின்ன ஒன்றுமில்லை என்று கண்டு எழுந்து போனது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. சாதியா.

"அத்தா, ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வருவீக?"

"காலைலயே வந்துருவேன் தாயி."

"நம்ம வண்டியிலயாத்தா?"

"வேற எதுல?"

"அதென்னத்தா அங்கன 'புஸ்ஸு'ன்னு சத்தம்?"

சீறிக்கொண்டிருந்த ரேடியேட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "டீக்கடையில நிக்கிறேன் தாயி, பாய்லர் சத்தம்" என்றார். போனை வைத்தபின் அவருக்குக் கண் கலங்கியது. ஆவி பட்டுத்தான் என்று சொல்ல அங்கே ஆள்கூட இல்லை.

சனிக்கிழமை காலை, இந்தப் பெரும்போரின் திருப்புமுனை, போர்க்களத்துக்குச் சம்பந்தமே இல்லாத மொட்டைமாடியில் நிகழ்ந்தது. மகள் வருகிறாள் என்று இடியாப்பத்துக்கு மாவு இடிக்க அம்சத் பீவியார் பச்சரிசியைக் கழுவி உலர்த்தியிருந்தார். தோட்டத்தில் நாயகரால் விரட்டப்பட்ட குருவிச் சேனையெல்லாம் வஞ்சம் தீர்க்க அங்கே திரண்டு இறங்கிற்று. அரிசியை மூட ஒரு வலை வேண்டும். வீட்டில் இருந்த வலையெல்லாம் தொட்டிக்கும் கூண்டுக்கும் ஜன்னலுக்கும் போயிருந்தன. கீழே எட்டிப் பார்த்தார். வெள்ளை வண்டியின் முகத்தில் நான்கு மடிப்புப் பச்சை வலை இருந்தது.

"போவப்போறது ராஜா வண்டியில. இதுக்கு எதுக்கு வல?" என்று சொல்லிக்கொண்டே, மீன் வெட்டும் கத்திரிக்கோலால் கம்பியை நறுக்கி, வலையை உதறி, மாடிக்குக் கொண்டுபோய் அரிசிமேல் விரித்தார். சேர்ந்திருந்த வைக்கோலும் வண்டும் தட்டாம்பூச்சிச் சிறகும் வாசலில் கொட்டின. நெடுங்காலத்துக்குப் பின் அந்த ரேடியேட்டர்மேல் காற்று பட்டது. இந்தப் போரை வென்றது அந்தக் கத்திரிக்கோல்தான். ஆனால் அது அம்சத் பீவியாருக்கும் தெரியாது, கத்திரிக்கோலுக்கும் தெரியாது.

நம் நாயகர் அப்போது வண்டிக்கடியில் மல்லாந்திருந்தார். கீழ் ஹோஸின் கிளிப்பை, வேறொன்றும் செய்யத் தோன்றாததால், கால் சுற்று இறுக்கினார். இறுக்கிவிட்டு எழுந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று வண்டியை எடுத்தார். போன வேகத்தில் முகப்பை அவர் பார்க்கவில்லை. அவர் பார்வையெல்லாம் முள்மேல் இருந்தது. கூடலூர். லோயர் கேம்ப். முதல் வளைவு. இரண்டாம் வளைவு. முள் நடுவில் நின்றது. ஆணியடித்தாற்போல் நடுவில் நின்றது!

திரும்பி வந்தவர் வாசலில் நின்று, வீடும் தெருவும் கேட்க முழங்கிய வெற்றிப் பிரகடனத்தைக் கல்வெட்டில் பொறிக்கக் கம்பத்தில் கல் போதாது. "கிளிப்பு! கால் சுத்துதான்! அந்தக் கால் சுத்து எவனுக்கும் தெரியல பாத்தியா! ராஜாகிட்ட போனப் போட்டு, வர வேணாம்னு சொல்லு!"

அம்சத் பீவியார் போனைப் போட்டார். போட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே, சும்மா பின்னாலேயே வா என்று தம்பியிடம் மெல்லச் சொன்னார்.

ஞாயிறு புலர்ந்தது. வெள்ளை ஊர்தி நீராடி, துடைக்கப்பட்டு, வாசலில் ஒளிர்ந்தது. முகத்தில் வலை இல்லை என்பதை அப்போதும் நாயகர் காணவில்லை. வண்டிக்கு ஏதோ புதுக்களை வந்திருப்பதாக மட்டும் நினைத்தார். அம்சத் பீவியார் பக்கத்தில் ஏறினார். புறப்பட்டது படை. வாழைத்தோட்டங்கள் வழிவிட, தென்னைகள் தலைவணங்க, கேரளத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஒன்றிரண்டு முந்திச் செல்ல, கூடலூரில் ராஜா முகம்மதின் கார் ஓசையின்றிப் பின்னால் சேர்ந்துகொள்ள, மலை ஏறத் தொடங்கியது வண்டி.

எஞ்சின் அதிரவில்லை. ஆவி எழவில்லை. ஆனால் இந்த வாரம் முழுதும் வெப்பத்தோடு மட்டுமே போரிட்ட நாயகர், வண்டிக்கு எஞ்சினைத் தவிர வேறு உறுப்புகளும் உண்டென்பதை அடியோடு மறந்திருந்தார். ஷாக் அப்சார்பர் நான்கும் எந்தக் காலத்திலோ செத்திருந்தன. சாலையில் தையல்போல் ஒட்டுப்போட்ட இடங்களில் வண்டி துள்ளியது. வளைவுக்கு வளைவு குதித்தது. அம்சத் பீவியார் சீட்டைவிட்டு எழுவதும் மறுபடி வந்து விழுவதுமாக மலையேறினார்.

"ஏங்க, மெதுவா! இடுப்பு கழண்டுபோச்சுங்க!"

"முள்ளப் பாரு அம்சத்து! முள்ளப் பாரு!"

பிறகு அந்த வளைவு வந்தது. மல்லிகைச் சரத்தோடு வண்டி நின்ற அதே வளைவு. மீரான் மைதீன் இம்முறை முகம் திருப்பவில்லை. நேராகப் பார்த்தார். இரண்டாம் கியரில் உறுமி, சாய்ந்து, நிமிர்ந்து, நிற்காமல் கடந்தார். கடந்தபின் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தார். பட்டப்பகலில் உள்விளக்கு எரிந்தது. அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு அதுவும் அலங்காரமாகவே பட்டது.

குமுளி. மாப்பிள்ளை வீட்டு வாசல். சம்பந்தி வீட்டார் சிரித்த முகமாய் வரவேற்க, வயிற்றைத் தாங்கியபடி சாதியா படியிறங்கி வந்தாள். நாயகர் அவளை நலம் விசாரிக்கவில்லை. நேரே பானெட்டருகே அழைத்துப் போனார்.

"தொட்டுப் பாரு தாயி."

சாதியா உள்ளங்கையை வைத்தாள். ரொம்பச் சுடவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சூடே ஆகலயாத்தா! நீங்களே சரி பாத்தீகளா?"

"கால் சுத்துதான்" என்றார் மீரான் மைதீன். அந்த நொடியில் அவர் இந்தப் பள்ளத்தாக்கையே ஆண்டார். கட்டுக்கம்பியை இழுத்துப் பின்கதவைத் திறந்து, கைலியை மடித்துக் கட்டி, பின் சீட்டில் போட்டிருந்த புது மெத்தையைத் தட்டிவிட்டு, மகள் ஏறுவதற்காக ஒதுங்கி நின்றார்.

அம்சத் பீவியார் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினார். மகளைப் பார்த்தார். மகள் வயிற்றைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"ஏங்க, நான் ஒத்தையா வந்ததுக்கே கொடலு வாய்க்கு வந்துருச்சு. புள்ளத்தாச்சிய இதுல ஏத்துனா லோயர் கேம்ப்லயே பெத்துருவா."

சாதியா தகப்பனைப் பார்த்தாள். எதையும் நோகாமல் சொல்லத் தெரிந்த பெண் அவள். "அத்தா, வண்டி சூப்பராத்தான் இருக்கு. டாக்டரம்மாதான் குலுங்கவே கூடாதுன்னு சொல்லிருக்காக. நான் மாமா கார்ல வாரேன். நீங்க பின்னாடியே வாங்க, என்ன?"

மறுபடியும் அவள் அழவில்லை. மறுபடியும் அவளே அவருக்கு ஆறுதல் சொன்னாள். அவர் தலையாட்டினார். ராஜா முகம்மது காரின் கதவைத் திறந்தார், அது வெளியிலிருந்தே திறந்தது. தாயும் மகளும் ஏறிக்கொண்டார்கள்.

அங்ஙனம், கொதிநீர்க் கோட்டை தகர்த்து, துருப்பிடித்த போல்ட்டின் செருக்கடக்கி, கால் சுற்றில் காலத்தையே வென்று, மானம் மீட்ட மலைப்பாதையில், ஓசையில்லாத கார் ஒன்று முன்னே வழுக்கிச் செல்ல, அதன் பின்கண்ணாடி வழியே மகள் திரும்பித் திரும்பிக் கையசைக்க, அவள் அசைக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்து, உள்விளக்கு எரிய, முள் நடுவில் நிற்க, துள்ளும் வெள்ளைப் பெரும்பரியேறிக் கம்பம் காவலர் மீரான் மைதீன் வெற்றிவீரராய்க் குமுளி மலையிறங்கி வந்தார்.

முன் சீட்டில், சம்பந்தி வீட்டில் கொடுத்த பலாப்பழத்துக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்.